வெயில் தந்த நிறம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

மண்ணின் கறுமையை வளம் என்று போற்றும் சமூகம், மனிதத் தோலின் கறுமையை மட்டும் குறை என்று எண்ணுவது ஏன்? வெயில் பட்டால் தோல் கறுப்பது எதனால்? இவ்வினாக்களுக்கு உயிரியல் தரும் விடை, தோலைப் பற்றிய பல தவறான எண்ணங்களைக் களையும் ஆற்றல் உடையது. கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலத்தைக் களமாகக் கொண்டு, அவ்விடையை இக்கட்டுரை ஆராய்கிறது.

உச்சி வெயில் நிலம்

கோவில்பட்டி, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை அகலாங்கில் அமைந்த ஊர். ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாள்களிலும் ஆவணியின் நடுப்பகுதியிலும், நண்பகற் சூரியன் இவ்வூருக்கு நேர் மேலே வந்து நிற்கும். அப்போது நட்டு வைத்த கம்பின் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். மரத்தடியைத் தவிர வேறெங்கும் நிழல் இல்லாத நேரம் அது. கரிசற்பூமியில் அந்த மரத்தடியும் எளிதில் வாய்ப்பதில்லை.

எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, சாத்தூர் எனக் கோவில்பட்டியைச் சுற்றிப் பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் கொத்தமல்லியும் விளைவிக்கும் மானாவாரி நிலம். இங்கு 'காடு' என்னும் சொல் மரங்கள் அடர்ந்த வனத்தைக் குறிப்பதில்லை. உழுது விதைக்கும் புன்செயையே குறிக்கும். 'காட்டுக்குப் போதல்' என்றால் வேலைக்குப் போதல் என்று பொருள். அந்த வேலைகளுள் பெரும்பாலானவை திறந்த வெளியில் நடப்பவை. கோடை உழவு, களையெடுப்பு, பருத்தி எடுப்பு, மிளகாயைக் களத்தில் பரப்பி உலர்த்துதல், ஆடு மேய்த்தல், சீமைக்கருவேல மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்தல் ஆகிய அனைத்துக்கும் வெயில் உடனிருக்கும் துணை.

இந்நிலத்தில் மண்ணின் கறுமைக்குத் தனி மதிப்பு உண்டு. களித்தன்மை மிகுந்த கரிசல் மண், பெய்த மழையை நெடுநாள் தன்னுள் தேக்கி வைத்துப் பயிரைக் காப்பது. அதனால் நிலம் வாங்குவோர் நல்ல கரிசலா என்று கேட்டே விலை பேசுவர். அதே ஊரில் பெண் பார்க்கச் செல்வோரும் நிறத்தைக் கேட்கின்றனர். அங்குக் கறுமை மதிப்பைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. மண்ணுக்கு ஒரு நீதியும் மனிதருக்கு வேறொரு நீதியும் வழங்கும் இந்த முரண்பாடு, ஆராய்ந்து விலக்கத்தக்கது.

ஓருடல், இரு நிறம்

காட்டு வேலை முடித்துத் திரும்பும் உழவர் ஒருவர் தம் சட்டையின் கையைத் தோள் வரை மடித்துவிட்டால், அங்கே ஓர் எல்லைக்கோடு தெரியும். கோட்டுக்குக் கீழே முன்கை நன்கு கறுத்திருக்கும். கோட்டுக்கு மேலே, துணி மறைத்த பகுதி மாநிறமாக இருக்கும். கைக்கடிகாரம் கட்டிய மணிக்கட்டிலும் செருப்பின் வார் பதிந்த பாதத்திலும் இத்தகைய கோடுகளைக் காணலாம்.

இக்கோடு எளிய காட்சிதான். ஆயினும் அது உணர்த்தும் உண்மை பெரிது. கோட்டுக்கு மேலும் கீழும் இருப்பவை ஒரே மனிதரின் தோல். அவர் தாய் தந்தையரிடமிருந்து பெற்ற மரபணுத் தொகுதியும் இரண்டு இடத்திலும் ஒன்றே. அவ்வாறாயின் நிறம் மட்டும் ஏன் வேறுபடுகிறது?

மரபணு என்பது கல்லில் பொறித்த எழுத்தைப் போல எப்போதும் ஒரே நிலையில் இருப்பதன்று. தேவை எழும்போது அது செயற்படும். தேவை தணியும்போது அடங்கும். ஒரு வீட்டில் விளக்குகள் பல இருந்தாலும் இருள் சூழ்ந்த அறையில் மட்டும் விளக்கேற்றுவது போல, வெயில் பட்ட இடத்தில் சில மரபணுக்கள் விரைந்து செயற்படுகின்றன. துணி மறைத்த இடத்தில் அவையே மெல்ல இயங்குகின்றன. உழவரின் கையில் தெரியும் கோடு, மரபணுக்களின் இயக்கத்தில் உள்ள இவ்வேறுபாட்டை வெளிக்காட்டும் கோடு.

செல்லுக்குள் செல்லும் செய்தி

சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியும் ஒளியோடு புற ஊதாக் கதிர்களும் கலந்துள்ளன. அவற்றுள் ஒருவகைக் கதிர் தோலின் மேற்படலத்தை ஊடுருவி, அங்குள்ள செல்களின் டி.என்.ஏ. இழைகளைச் சிதைக்கிறது. அச்சிதைவு சீராக்கப்படாமல் பெருகினால், நாளடைவில் தோற்புற்று வரை கொண்டு செல்லக்கூடும். ஆகவே உடல் உடனே விழித்துக்கொள்கிறது.

முதலில் எழுவது 'பி53' என்னும் புரதம். டி.என்.ஏ.வுக்கு நேரும் சேதத்தை அறிந்து செயற்படும் இப்புரதத்தை, 'மரபணுத் தொகுதியின் காவலன்' என்று அறிவியலாளர் அழைப்பர். மேற்தோல் செல்களில் இக்காவலன் 'பாம்க்' என்னும் மரபணுவைத் தூண்டுகிறது. அம்மரபணு ஒரு பெரிய புரதத்தை உருவாக்க, அது துண்டுகளாகப் பிரிகிறது. அத்துண்டுகளுள் ஒன்று, நிறமிச் செல்களைத் தூண்டும் ஹார்மோன் ஆகும்.

அந்த ஹார்மோன் மேற்தோலின் அடிவரிசையில் உள்ள நிறமிச் செல்லை அடைந்து, அதன் மேற்பரப்பில் உள்ள 'எம்.சி.1.ஆர்.' என்னும் ஏற்பியில் பொருந்துகிறது. பூட்டில் சாவி பொருந்தியது போலச் செல்லுக்குள் அடுத்தடுத்துச் செய்திகள் பாய்கின்றன. அவற்றின் முடிவில் 'மிட்ஃப்' என்னும் தலைமை மரபணு செயற்படத் தொடங்குகிறது. அது நிறமி ஆக்கத்துக்கு வேண்டிய பிற மரபணுக்களைத் தூண்ட, டைரோசினேஸ் என்னும் நொதி மிகுதியாக உருவாகிறது. உணவிலிருந்து கிடைக்கும் டைரோசின் என்னும் அமினோ அமிலம், இந்நொதியின் துணையால் மெலனின் என்னும் நிறமியாக மாறுகிறது.

பி53 புரதத்துக்கும் தோல் கறுப்பதற்கும் உள்ள தொடர்பை, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டேவிட் ஃபிஷர் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழு 2007-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அப்புரதம் இல்லாத சுண்டெலிகளின் தோல், புற ஊதாக் கதிர் பட்டபோதும் கறுக்கவில்லை என்று அவ்வாய்வு காட்டியது. தோல் கறுப்பது வெயில் பூசிய சாயம் அன்று என்பதும், சேதத்தை உணர்ந்த உடல் முனைந்து செய்யும் செயல் என்பதும் இதனால் உறுதிப்பட்டன.

குடை பிடிக்கும் நிறமி

நிறமிச் செல் தான் உருவாக்கிய மெலனினைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. சிறுசிறு பைகளில் அடைத்து, தன் கிளைகளின் வழியே அண்டைச் செல்களுக்கு அனுப்பிவிடுகிறது. ஒரு நிறமிச் செல் இவ்வாறு ஏறத்தாழ 36 மேற்தோல் செல்களுக்கு நிறமி வழங்குகிறது. பெற்ற நிறமியை அச்செல்கள் தம் உட்கருவின் மேற்பக்கத்தில், வெயில் வரும் திசையில் கவித்து வைத்துக்கொள்கின்றன. உட்கருவுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வுக்கு அது குடையாகிறது.

வெயிலில் நின்ற சில நிமிடங்களில் முகம் கறுப்பது வேறு, சில நாள்கள் கழித்துத் தோல் கறுப்பது வேறு. முன்னது, தோலில் ஏற்கெனவே உள்ள மெலனின் வேதிமாற்றம் அடைவதால் நிகழ்வது. பின்னது, மேலே கூறிய மரபணுக்களின் இயக்கத்தால் புதிய மெலனின் உருவாவதால் நிகழ்வது. அதற்கு இரண்டு மூன்று நாள்கள் தேவைப்படும். சிதைந்த டி.என்.ஏ.வைச் சீராக்கும் பணியே முதலில் நிகழ்கிறது என்றும் நிறமியாக்கம் அதன் பின்னரே விரைவு பெறுகிறது என்றும், 2018-ஆம் ஆண்டில் வெளிவந்த இஸ்ரேல் நாட்டு ஆய்வொன்று விளக்கியது. இடிந்த சுவரைக் கட்டியபின் கூரை வேயும் குடும்பத்தலைவரின் முறைமை இதில் புலப்படுகிறது.

வெயிலுக்குச் செல்வது குறைந்தால் மரபணுக்களின் வேகமும் குறைகிறது. நிறமி தாங்கிய மேற்தோல் செல்கள் உதிர, சில வாரங்களில் தோல் தன் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. வந்த நிறம் காப்பதற்காக வந்தது. பணி முடிந்ததும் விடைபெறுகிறது. இதனை அழுக்கு என்று தேய்ப்பதும் கறை என்று நாணுவதும் பொருளற்றவை.

பிறப்பின் நிறமும் ஓர் எழுத்தும்

வெயிலில் வந்த நிறத்தின் கீழே, பிறப்பால் வந்த நிறம் ஒன்று உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே பல மூடநம்பிக்கைகளுக்கு வேராக உள்ளது. காட்டில் உழைத்துக் கறுத்த தாயின் நிறம் குழந்தைக்குச் செல்வதில்லை. ஏனெனில் தோல் செல்களில் நிகழ்ந்த மரபணு இயக்கம் கருச்செல்களுக்குக் கடத்தப்படுவதில்லை. அதுபோலவே, கருவுற்ற பெண் பாலில் குங்குமப்பூ கலந்து பருகினால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பதற்கும் அறிவியல் அடிப்படை இல்லை.

பிறப்பின் நிறத்தைத் தீர்மானிப்பதில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. அவற்றுள் ஒன்று 'எஸ்.எல்.சி.24.ஏ.5'. வரிக்குதிரை மீனில் செய்த ஆய்வின் வழியாக, மனித நிறத்தில் இதற்குள்ள பங்கை அமெரிக்க அறிவியலாளர் 2005-ஆம் ஆண்டில் வெளிப்படுத்தினர். இம்மரபணுவில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறினால் தோலில் மெலனின் குறைகிறது. ஐரோப்பியரிடம் ஏறத்தாழ முழுமையாகப் பரவியுள்ள அம்மாற்றம், இந்தியரிடமும் காணப்படுகிறது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட அறிவியலாளர் 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இவ்வெழுத்து மாற்றம் ஐரோப்பியருக்கும் தெற்காசியருக்கும் ஒரே பொது மூதாதையிடமிருந்து வந்தது என்று காட்டியது. இந்தியாவின் வடமேற்கில் மிகுந்தும் தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் அது பரவியுள்ளது. ஒரு குடும்பத்தில் பிறந்த அக்காளும் தங்கையும் இருவேறு நிறத்தில் இருப்பது, இத்தகைய எழுத்துகள் பலவும் வெவ்வேறு வகையில் கலந்து வருவதால்தான். தங்கையின் நிறத்தை அக்காளின் நிறத்தோடு ஒப்பிட்டுப் பேசும் உறவினர், இருவரின் அறிவையோ பண்பையோ அளக்கவில்லை. எழுத்துகளின் தற்செயலான சேர்க்கையையே அளக்கின்றனர்.

எல்லா நிறத்தவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே என்பதும் இங்கு எண்ணத்தக்கது. வேறுபடுவது அச்செல்கள் உருவாக்கும் நிறமியின் அளவும் வகையும், அதனை அடைத்து வைத்த பைகளின் பருமனும் மட்டுமே.

நிலநடுக்கோட்டை ஒட்டி வாழும் மக்களிடம் கறுமை மிகுந்திருப்பதற்குரிய காரணத்தை நீனா ஜப்லான்ஸ்கி, ஜார்ஜ் சாப்ளின் என்னும் அறிஞர் இருவரும் 2000-ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துரைத்தனர். கடும் புற ஊதாக் கதிர்கள் உடலில் உள்ள ஃபோலேட் என்னும் உயிர்ச்சத்தைச் சிதைக்கும். கருவில் வளரும் குழந்தையின் நரம்பு மண்டலம் செம்மையுற அச்சத்து இன்றியமையாதது. மெலனின் மிகுந்த தோல் அதனைக் காத்துத் தலைமுறையைத் தழைக்கச் செய்தது. வெயில் குறைந்த வடபுலங்களிலோ, உயிர்ச்சத்து டி உருவாகப் போதிய கதிர் தோலினுள் புக வேண்டியிருந்தமையால் வெளிர்நிறம் நிலைபெற்றது. ஒவ்வொரு நிறமும் அவ்வந்நிலத்து வானம் கேட்ட கேள்விக்கு உடல் தந்த விடை. விடைகளுள் உயர்வு தாழ்வு இல்லை.

தெரிந்து தெளிவோம்

சங்க இலக்கியம் பெண்ணின் அழகிய மேனி நிறத்தை 'மாமை' என்று போற்றுகிறது. மாந்தளிரின் நிறத்தை ஒத்தது அது. பிரிவுத் துயரால் மேனி வெளிறிப் போவதைப் 'பசலை' என்னும் சொல்லால் சுட்டுகிறது. மாமை நலத்தின் அடையாளம். பசலை துயரின் அடையாளம். முல்லை நிலத்தின் தெய்வமாகத் தொல்காப்பியம் கூறும் 'மாயோன்', கருநிறம் உடையவன் என்னும் பொருளில் அமைந்த பெயர்.

களிம்பும் கேடும்

மாமையைப் போற்றிய மொழியைப் பேசுவோர், இன்று வெண்மையைக் கடையில் தேடுகின்றனர். வெண்மையை விற்கும் களிம்புகளின் விளம்பரங்கள், கறுத்த பெண்ணுக்கு வேலையும் இல்லை, வாழ்வும் இல்லை என்னும் கருத்தைப் பல்லாண்டுகளாக விதைத்து வந்தன. இதனை எதிர்த்துச் சென்னையிலிருந்து கவிதா இம்மானுவேல் 2009-ஆம் ஆண்டில் 'கறுப்பே அழகு' என்னும் பொருள்படும் இயக்கத்தைத் தொடங்கினார். நிறத்தைக் கொண்டு எவரையும் இழிவாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது. நாடெங்கும் விற்கும் களிம்பு ஒன்று, 2020-ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்தே வெண்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கிக்கொண்டது. ஆயினும் பெயரை நீக்குவது எளிது; எண்ணத்தை நீக்குவது அரிது.

அந்த எண்ணம் உயிருக்கே ஊறு செய்வதும் உண்டு. தரமற்ற களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கலக்கப்படுகிறது. மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கும். ஆனால் தோலின் வழியே உடலுள் புகுந்து சிறுநீரகத்தைச் சிதைக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் அத்தகைய களிம்புகளைப் பூசியோர் சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி, 2023-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவரின் அறிவுரையின்றி ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை நெடுநாள் பூசுவோருக்குத் தோல் மெலிந்து, சிவந்து, பருக்கள் மிகுந்து, வெயிலைத் தாங்கும் ஆற்றலும் குன்றுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ள விரித்த குடையைக் காசு கொடுத்துக் கிழிக்கும் செயல் இது.

'காட்டுக்குப் போகாதே, கறுத்துவிடுவாய்' என்று மகளிடம் கூறும் பெற்றோர் தீய எண்ணம் உடையவர் அல்லர். மகளுக்கு வரன் அமைய வேண்டுமே என்னும் கவலையே அவர்களை அவ்வாறு பேச வைக்கிறது. ஆகவே திருந்த வேண்டியவர்கள் மகளும் பெற்றோரும் மட்டுமல்லர். நிறத்தை விலையாக்கிப் பேரம் பேசுவோரும், நிறத்தைச் சொல்லிக் கேலி செய்யும் வகுப்புத் தோழரும், கேலியைக் கேட்டுச் சிரிப்போரும் தம்மைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிழலும் உரிமையே

கறுமையை இகழ்வது ஒரு தவறு எனில், கறுமையைக் காரணம் காட்டி உழைப்போரை வெயிலில் விட்டுவிடுவது அதனினும் கொடிய தவறு. 'வெயிலில் பழகிய உடம்பு. ஒன்றும் ஆகாது' என்னும் பேச்சு, வேலை வாங்குவோரிடம் அடிக்கடி எழுகிறது. அது உண்மையன்று. மெலனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. வெயில் தாக்குதலால் மயங்கி விழுவதிலிருந்தும், உடலின் நீர் வற்றிச் சிறுநீரகம் தளர்வதிலிருந்தும், கண்ணில் புரை வளர்வதிலிருந்தும் மெலனினால் மனிதரைக் காக்க இயலாது. புற ஊதாக் கதிரையும் அது முற்றிலும் தடுத்துவிடுவதில்லை.

கரிசல் மக்கள் இதனைத் தம் பட்டறிவால் அறிந்துள்ளனர். ஆண்கள் தலையில் முண்டாசு கட்டுவதும், பெண்கள் சேலையின் மேல் முழுக்கைச் சட்டை அணிந்து பருத்தி எடுப்பதும், விடியுமுன் காட்டுக்குச் சென்று உச்சிப் பொழுதுக்குள் கரையேறுவதும் நிறத்துக்கு அஞ்சிச் செய்பவை அல்ல. உடலைப் பேணச் செய்பவை. 2005-ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம், பணியிடத்தில் குடிநீர், குழந்தைகளுக்கும் ஓய்வு வேளைக்கும் நிழல், முதலுதவிப் பெட்டி ஆகியவை இருக்க வேண்டும் என்று வகுத்தது. அந்நெறி அத்தகைய ஊரக வேலைத்திட்டப் பணிகளுக்கு மட்டும் உரியதாக நின்றுவிடக் கூடாது. செங்கற்சூளை, உப்பளம், சாலைப்பணி, கரிமூட்டம் என வெயில் காயும் இடமெங்கும் நிழலும் நீரும் ஓய்வும் உழைப்போரின் உரிமையாக வேண்டும்.

வெயிலை அறவே வெறுப்பதும் அறிவுடைமை ஆகாது. உயிர்ச்சத்து டி உருவாகத் தோலில் வெயில் பட வேண்டும். கறுத்த தோலுக்கு அது உருவாகச் சற்றுக் கூடுதலான நேரம் தேவை. கறுத்துவிடுவோம் என்று அஞ்சி அறைக்குள் முடங்கும் மாணவர், விளையாட்டையும் நலத்தையும் ஒருங்கே இழக்கின்றனர்.

கையில் உள்ள கோடு

உழவரின் கையில் தெரியும் கோட்டை மீண்டும் எண்ணிப் பார்க்கலாம். அக்கோட்டுக்குக் கீழே உள்ள கறுமை, ஆயிரமாயிரம் செல்கள் அவரறியாமல் செய்த உழைப்பின் பயன். அவ்வுழைப்பை ஏவியது அவர் காட்டில் செய்த உழைப்பு. விளைந்த பருத்தி துணியாகவும், உளுந்து உணவாகவும் ஊரெங்கும் செல்கின்றன. அவற்றைப் பெறுவோர், விளைவித்தவரின் கையைக் கண்டு முகம் சுளிப்பது நன்றி மறந்த செயல்.

கரிசல் மண்ணை வெண்மணலாக மாற்ற எந்த உழவரும் விரும்பியதில்லை. அதன் கறுமையில்தான் நீர் நிற்கிறது என்பதை அவர் அறிவார். தோலின் கறுமையில் உயிர் காக்கும் குடை விரிந்திருக்கிறது என்பதையும் இளந்தலைமுறை அறிதல் வேண்டும். அறிந்தவர், தம் நிறத்துக்காகத் தலைகுனியார். பிறர் நிறத்துக்காக அவரைத் தலைகுனிய வைக்கவும் ஒருப்படார்.

கற்பவை கற்றபின்

1. வெயில் பட்ட தோலில் நிறமி உருவாகும் முறையைப் படிநிலைகளாக வரைந்து வகுப்பறையில் விளக்குக.

2. நிறத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் புகழ்ச்சியாகவும் இகழ்ச்சியாகவும் வழங்குவனவற்றை வகைப்படுத்துக.

3. 'நிழலும் உழைப்போரின் உரிமையே' என்னும் தலைப்பில், உங்கள் ஊரில் வெயிலில் பணிபுரிவோரைச் சந்தித்து உரையாடி, ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.